கிளினிக் போகும் நாளில் பேர் இல்லை

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மனநலச் செயலமர்வுகள் இப்போது முன்பைவிட அதிகமாக நடக்கின்றன. மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி, குடியை விடுவது எப்படி, வரவுக்குள் செலவு செய்வது எப்படி என்று வெளியிலிருந்து வருபவர்கள் கனிவாகவே எடுத்துச் சொல்கிறார்கள். முடிவில் பிளேன்டீயும் பணிஸும் கொடுக்கிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கோளாறு தொழிலாளியின் மனத்தில் இருக்கிறது, அதைத் திருத்திவிட்டால் போதும் என்ற எண்ணம் இவை அனைத்துக்கும் அடியில் சொல்லப்படாமல் கிடக்கிறது. அதனோடு எனக்கு உடன்பாடில்லை. சமுதாய உளவியல் என்ற துறை தோன்றியதே இந்த எண்ணத்தைக் கேள்வி கேட்பதற்காகத்தான்.

1965 மே மாதம் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள சுவாம்ஸ்கொட் என்ற ஊரில் கூடி அந்தத் துறைக்கு வித்திட்ட உளவியலாளர்கள், மனிதனை அவன் வாழும் வீடு, வேலை, சட்டம் ஆகியவற்றிலிருந்து பிரித்து எடுத்து அறைக்குள் வைத்துக் குணப்படுத்துவது போதாது என்று பேசினார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 1964 ஒக்டோபரில், இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் பாட்டன் பாட்டிகளில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கிட்டிருந்தது. 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமையின் கணக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது. ஒரு சமூகம் அரை நூற்றாண்டுக்கு மேலாக, தான் எந்த நாட்டுக்காரர் என்று தெரியாமல் படுத்து எழும்பியதை எந்த மனச்சோர்வு வினாக்கொத்தில் எந்தக் கட்டத்தில் குறிப்பது?

எல் சல்வடோரில் வாழ்ந்த இக்னாசியோ மார்ட்டின்-பாரோ என்ற இயேசு சபைக் குருவானவர் உளவியலாளராகவும் இருந்தார். ஒடுக்கப்பட்ட மக்களின் துன்பத்தை அவர்களுடைய வரலாற்றோடு சேர்த்துப் பார்க்காத உளவியல், தெரிந்தோ தெரியாமலோ ஒடுக்குபவருக்கே துணைபோகிறது என்று அவர் வாதிட்டார். 1989 நவம்பர் 16ஆம் திகதி, அவர் பணியாற்றிய பல்கலைக்கழக வளாகத்திலேயே இராணுவத்தினர் அவரைக் கொன்றார்கள். எங்கள் நாட்டில், வடக்கில் போர் ஏற்படுத்திய காயம் தனிமனிதரோடு நிற்காமல் முழுச் சமுதாயத்தையும் தாக்கியிருப்பதைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மலையகத்திலும் 1977, 1981, 1983 வன்செயல்கள் உண்டு. ஆனால் எங்கள் காயத்தின் பெரும்பகுதி குண்டுச் சத்தம் இல்லாமல் மெதுவாக நேர்ந்தது. அதனால்தானோ என்னவோ, உளசமூகப் பணிக்கென்று வந்த உதவிகள் நீண்ட காலம் எங்களைக் கடந்தே போயின.

இனிச் சாதாரணமான ஒன்றைப் பார்ப்போம். கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவுக்கு மனநலக் கிளினிக்குக்கு மாதம் ஒரு தடவை போக வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நாட்சம்பளக்காரர். கிளினிக் போகும் நாளில் அவருக்குப் பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. தோட்டத்திலிருந்து பிரதான வீதிக்கு நடக்க வேண்டும், அல்லது ஓட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். அங்கிருந்து டவுனுக்கு பஸ். விடியற்காலையில் நம்பர் எடுத்தவர்களுக்குப் பின்னால் உட்கார வேண்டும். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால், கணவனைப் பற்றியும் உறக்கமின்மையைப் பற்றியும் அவர் சொல்ல வேண்டியதை, அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கும் எவரோ ஒருவர் மொழிபெயர்ப்பார். அந்த ஒருவர் அடுத்த தோட்டத்துக்காரராக இருந்தால் அந்த அம்மா வாயே திறக்க மாட்டார். மூன்றாவது மாதம் அவர் போகாமல் விட்டால், பதிவேட்டில் சிகிச்சையில் அக்கறை இல்லாதவர் என்று ஏறும். பிறகு அந்த அக்கறையின்மைக்கு ஒரு விழிப்புணர்வுச் செயலமர்வு.

போசாக்கிலும் இதே கதைதான். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 17 வீதம், தோட்டப்புறத்தில் சுமார் 32 வீதம். தாய்மாருக்குக் கீரையின் பயன் தெரியாததால் இந்த இடைவெளி உண்டாகவில்லை. 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு எத்தனை வருடப் போராட்டம் தேவைப்பட்டது என்பதையும், 2021இல் அது கிடைத்தபோது பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டி, குறைந்தவர்களுக்கு அரைப்பேர் போட்டார்கள் என்று எத்தனை தோட்டங்களில் முறைப்பாடு எழுந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த எண்கள் விளங்கும்.

சூழலை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்று தேட வேண்டியதில்லை. 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில், உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. அந்தக் காலத்திலிருந்து நச்சுத்தன்மை மிகுந்த விவசாய இரசாயனங்களை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. அடுத்த இருபது வருடங்களில் வீதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்தத் தடைகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எந்தச் செயலமர்வும் இத்தனை உயிர்களைக் காத்ததாக நான் அறியேன். (மனம் உடைந்திருக்கும் எவரும் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம், நான் குறை சொல்வது ஆலோசனை பெறுவதை அல்ல.)

அப்படியானால் உள்ளூர் ஆதரவுக்கு மதிப்பில்லையா? நிறைய உண்டு. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், ஒரு சாவு விழுந்தால் மரண சங்கம் பெட்டிக்கும் பந்தலுக்கும் பொறுப்பேற்கிறது. அடுப்பு மூட்டாத வீட்டுக்குப் பக்கத்துக் காம்பராக்களிலிருந்து சாப்பாடு வருகிறது. கருமாதி வரை அந்த வீட்டை எவரும் தனியே விடுவதில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போன தாயின் பிள்ளையை வளர்ப்பது அம்மாயி மட்டுமல்ல, முழு லயமும்தான். இவை எல்லாம் எந்தத் திட்ட முன்மொழிவும் எழுதப்படுவதற்கு முன்பிருந்தே இருக்கின்றன. ஆனாலும் இதை அளவுக்கு மிஞ்சிப் புகழ எனக்கு மனம் வருவதில்லை. கணவனிடம் அடிபடுபவளுக்கு அதே லயம் பல நேரங்களில் பொறுத்துப்போ என்றுதான் சொல்கிறது. சங்கத்திலும் கோயில் கமிட்டியிலும் முடிவெடுப்பவர்கள் ஆண்கள், இழவு வீட்டுக்குச் சமைப்பவர்கள் பெண்கள். ஆதரவின் சுமை, மலையில் எட்டு மணிநேரம் நின்றுவிட்டு வந்த அதே தோளில்தான் ஏறுகிறது.

சிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் வைத்தியர் டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கிய திட்டம் இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பயிற்சி பெற்ற பாட்டிமார் சுகாதார நிலையத்தின் வெளியே ஒரு வாங்கில் உட்கார்ந்து, வருபவரின் பிரச்சினையைக் கேட்டு, அதில் எதை முதலில் தீர்க்கலாம் என்று அவரோடு சேர்ந்தே யோசிக்கிறார்கள். 573 பேரைக் கொண்டு 2016இல் வெளியான ஆய்வு, வழமையான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களிடம் பேசியவர்களுக்கு நோய்க்குறிகள் தெளிவாகக் குறைந்ததைக் காட்டியது. பலரும் இதைப் பாட்டியின் அன்பு என்று மட்டும் சுருக்கிவிடுகிறார்கள். பயிற்சியும், மேற்பார்வையும், சுகாதார நிலையத்தோடு தொடர்பும் அந்தப் பாட்டிமாருக்கு இருந்தன. தொழிலாளரின் பிள்ளைகளைப் பகலில் பராமரிக்கும் பிள்ளை மடுவத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெண்களைக் கொண்டு இங்கும் இதைச் செய்யலாம். கொடுப்பனவோடு செய்ய வேண்டும். தொண்டு என்ற பெயரில் இன்னொரு கூலியில்லா வேலையைப் பெண்கள் தலையில் கட்டுவதாக இருந்தால் வேண்டாம்.

மலையக மக்கள் எதையும் தாங்குவார்கள் என்ற பாராட்டையும் நான் சந்தேகத்தோடுதான் கேட்கிறேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஏற்கெனவே எச்சரித்திருந்தது. தப்பியவர்களுக்குப் புதிய வீடு கிடைக்க ஏறக்குறைய இரண்டு வருடங்கள் சென்றன. அந்தக் காலமெல்லாம் அவர்கள் தாங்கிக்கொண்டது உண்மை. வேறு வழி கொடுக்கப்படவில்லை என்பதும் உண்மை. முதலாவதை மட்டும் எழுதும் ஆய்வு, காணி கொடுக்க வேண்டியவர்களுக்குத்தான் வசதியாக முடிகிறது.

கடைசியாக, தோட்டத்துக்கு ஆய்வு செய்ய வரும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்போது அவர்களில் பலர் எங்கள் லயங்களிலிருந்தே பல்கலைக்கழகம் போன பிள்ளைகள். ஆபீசில் அனுமதி வாங்கி, காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பிரட்டுக்களத்தில், மேற்பார்வை செய்யும் கணக்கப்பிள்ளை காதுபட வேலையில் திருப்தியா என்று கேட்டால், கிடைக்கும் பதில் கணக்கப்பிள்ளைக்குச் சொன்ன பதில்தான். வினாக்கொத்து அச்சிடுவதற்கு முன் மாதர் சங்கத்தில் ஒரு மாலை உட்கார்ந்து, அவர்கள் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று கேளுங்கள். முடிவுகளைத் தமிழில் அவர்களிடமே முதலில் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரு தலைப்பை நானே தருகிறேன்: கிளினிக்குக்குப் போகாமல் நின்றவர்கள் ஏன் நின்றார்கள்? கிளினிக் பதிவேடு, பஸ் நேரம், தோட்டத்துச் சம்பளப் பட்டியல் ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நின்றவர்களின் வீட்டுக்குப் போய்ப் பேசினால், ஓர் இளமாணி ஆய்வுக்கு அது தாராளமாகப் போதும்.