அந்த 'இம்பெசைல்' பற்றி

நேற்று ஒருவர், பதவியில் இருக்கும் தன் எதிராளியை 'இம்பெசைல்' (imbecile) என்று திட்டியதும் எத்தனை பேர் கைதட்டினீர்கள்! 'திட்டுவதிலும் ஒரு நாகரிகம், பழைய ஆங்கிலத்தின் அழகு' என்று பகிர்ந்தவர்களில் எனக்கு நெருக்கமானவர்களும் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன். அது நாகரிகமான சொல் இல்லை.

பிரிட்டனில் 1913-இல் வந்த ஒரு சட்டம் மனவளர்ச்சி குன்றியவர்களைத் தரம் பிரித்தது. ஆபத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாதவர் 'இடியட்'. அதற்கு அடுத்த படி, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர் 'இம்பெசைல்'. அந்தப் பெயர் விழுந்தால் காப்பகத்தில் அடைக்கலாம்.

அமெரிக்காவில் கேரி பக் என்று ஒரு பெண். வளர்ப்பு வீட்டாரின் உறவினன் செய்த வல்லுறவில் 17 வயதில் குழந்தை பெற்றார். 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று காப்பகத்தில் அடைத்தது அவனை இல்லை, இவரை. இவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1927-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 'மூன்று தலைமுறை இம்பெசைல்கள் போதும்' என்று தீர்ப்பில் எழுதினார் நீதிபதி ஹோம்ஸ். கேரியின் தாய், கேரி, அப்புறம் கேரியின் கைக்குழந்தை விவியன். அந்த விவியன் பள்ளியில் நன்றாகப் படித்தவர்களின் பட்டியலில் இடம்பிடித்தாள். 8 வயதில் நோயில் இறந்துபோனாள்.

'இப்போது யார் அந்த அர்த்தத்தில் சொல்கிறார்கள்?' என்பீர்கள். என் தம்பியைச் சேர்க்கப் போன பள்ளியில் சொன்னார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்ற தைரியத்தில், அவர் எதிரிலேயே, இதே சொல்லை. ராத்திரி அம்மா என்னிடம் அர்த்தம் கேட்டார். நான் சொல்லவில்லை. அவர் மறுபடி கேட்கவும் இல்லை.

'அப்படியானால் முட்டாள் என்றும் திட்டக்கூடாதா?' சரி, அதை இன்னொரு நாள் பேசலாம். கருத்துச் சுதந்திரம் என்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுமை இன்று இல்லை. எதிராளி பொய் சொன்னாரா, பொய்யர் என்று சொல்லுங்கள். திருடினாரா, திருடன் என்று சொல்லுங்கள். பதவியில் இருப்பவரின் அயோக்கியத்தனத்தைச் சொல்ல என் தம்பி மாதிரிப் பிள்ளைகளின் பெயர் எதற்கு? அவர்கள் யாரை ஏமாற்றினார்கள்?

கைதட்டியவர்களில் இரண்டு பேர் எங்கள் சொந்தக்காரர்கள். வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கும்போது 'தம்பியை மட்டும் கூட்டிட்டு வராதீங்க, நாலு பேர் வருவாங்க' என்று சொன்னவர்கள். அன்று அம்மா அவர்களுக்கு காபி போட்டுக் கொடுத்துத்தான் அனுப்பினார். நானும் வாயைத் திறக்கவில்லை. இன்று திறக்கிறேன். இனி எந்த விசேஷத்துக்கும் தம்பி இல்லாமல் நாங்கள் வரமாட்டோம்.