ஒரு மாரி பார்க்காமல் கடைசிக் காசைக் குடுக்காதேங்கோ

போன கிழமை தம்பியின் வீட்டு வேலைக்கு ஒப்பந்தம் எழுதினோம். நாலு பக்கம். கொந்தராத்து எடுத்தவர் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே, "என்னக்கா, என்னிலை நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்டார். அவருக்கு மனம் நொந்துவிட்டது என்று விளங்கியது. "நம்பிக்கை இருக்கிறபடியால்தான் தம்பி உங்களைக் கூப்பிட்டனாங்கள். நாளைக்கு ரெண்டு பேருக்கும் கதை மாறக்கூடாது, அதுக்குத்தான் எழுதுறம்" என்றேன். இருந்து முழுக்க வாசித்தார். இரண்டு இடத்தில் திருத்தம் கேட்டார். இரண்டும் நியாயம்.

இவ்வளவு பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தம்பிக்குத் தெரியும். 2018 ஆவணியில் கிளிநொச்சியில் எங்கள் வீடு குடிபூரல். "குடிபூரலுக்கு முன்னம் கணக்கை முடிச்சு விடுங்கோ அக்கா, பொடியளுக்குச் சம்பளம் குடுக்கவேணும்" என்று அந்தக் கொந்தராத்துக்காரர் கேட்டார். நல்ல நாளில் கடன் நிற்கக் கூடாது என்று நானும் கடைசிச் சதம் வரை கொடுத்தேன். ஐப்பசி மழைக்கு முகட்டால் ஒழுகியது. மார்கழியில் வந்த வெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறவில்லை, முற்றத்தில்தான் நின்றது. ஆனால் வடிந்து இரண்டு கிழமையில் விறாந்தை நிலம் இறங்கி மாபிள் வெடித்தது. கிளறிப் பார்த்தால், அத்திவாரத்துக்குள் மண்ணைக் கொட்டி நிரவிவிட்டுப் போயிருக்கிறார்கள். மண்ணை இடித்து இறுக்கவே இல்லை.

அவரைக் கூப்பிட்டேன். "வெள்ளத்துக்கு நான் என்ன செய்யிறது?" என்றார். பிறகு போன் எடுக்கவில்லை. என் கையில் இருந்தது ஒரு கொப்பித் தாள். அதில் மொத்தத் தொகையும் அவருடைய கையெழுத்தும் மட்டும்தான். நிலத்துக்குள் என்ன நிரப்புவது, எப்படி இடிப்பது, ஒழுகினால் யார் திருத்துவது என்று ஒரு வரி இல்லை.

ஒரு போகம் செய்ய வயலைக் குத்தகைக்குக் கொடுத்தால் எழுதுகிறோம். ஆயுளுக்கு ஒருமுறை கட்டுகிற வீட்டை ஏன் வாய்ப்பேச்சில் விடுகிறோம்? வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை குளிரில் நின்று உழைத்து அனுப்புகிற காசு அது. இல்லையென்றால் நகையை அடகு வைத்த காசு.

தம்பியின் ஒப்பந்தத்தில் நான் அதிக நேரம் இருந்து எழுதியது சாமான் பகுதியைத்தான். "நல்ல சாமான் போட்டுக் கட்டித் தரப்படும்" என்ற வரியால் ஒரு பிரயோசனமும் இல்லை. எந்தச் சீமெந்து, அத்திவாரத்துக்கும் பீமுக்கும் எத்தனை மில்லிமீற்றர் கம்பி, கொங்கிறீட்டுக்குச் சீமெந்து, மணல், கல் ஒன்றுக்கு இரண்டுக்கு நாலா, சுவருக்கு நாலு இஞ்சிக் கல்லா ஆறு இஞ்சிக் கல்லா என்று எழுதினோம். நிலத்துக்குக் கிரவல் போட்டு, ஆறு இஞ்சிக்கு ஒரு படையாகத் தண்ணீர் விட்டு இடிக்கவேண்டும் என்று தனி வரி. அந்த வரியை எழுதும்போது கை நடுங்கியது. நிலையும் யன்னலும் முதிரையா தேக்கா, கூரைக்குப் பனஞ் சிலாகையா வேறு மரமா என்பதும் உண்டு. கறையானுக்கு மருந்து எப்போது அடிப்பது என்பதும் உண்டு. வன்னி மண்ணில் இதை விட்டால் ஐந்து வருசத்தில் நிலையைத் தட்டினால் வெறும் கோதுதான் சத்தம் போடும்.

சதுர அடிக் கணக்கில் பேசுகிறவர்கள் கவனம். சுவரின் வெளிப்பக்கத்தால் அளப்பதா, உள்ளால் அளப்பதா? விறாந்தையும் போர்ட்டிகோவும் முழுக் கணக்கா அரைக் கணக்கா? எங்கள் ஊரில் வந்த சண்டைகளில் பாதி இதில்தான் தொடங்கியது. வரைபடத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். பிரதேச சபையில் அனுமதி எடுத்த வரைபடமும் அதுவாகவே இருக்கட்டும்.

காசு விசயம் எங்கள் சனத்துக்குப் புதிதில்லை. போருக்குப் பிறகு இந்திய அரசின் உதவியில் வந்த வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாயும் ஒரேயடியாகவா வந்தது? வேலை எந்த மட்டத்துக்கு வந்தது என்று பார்த்துத்தானே அடுத்த காசு வங்கிக்கு வந்தது. அதே முறைதான். முற்பணம் பத்தில் ஒன்று, பிறகு அத்திவாரம் முடிய, லிண்டல் மட்டம் (கதவு, யன்னலுக்கு மேலே போடுகிற பீம்) முடிய, கூரை முடிய, பூச்சு முடிய. "கூரை தொடங்க" என்று எழுதாதேங்கோ, "முடிய" என்று எழுதுங்கோ. அந்த ஒரு சொல்லில் இலட்சக்கணக்கு நிற்கிறது.

இனிக் கடைசிக் காசு. அரச கட்டட வேலைகளில் ரிட்டென்சன் என்று ஒரு பங்கை மறித்து வைத்து, குறைதிருத்தும் காலம் முடிந்த பிறகுதான் விடுவார்கள். பள்ளிக்கூடக் கட்டடம் கட்டின யாரையும் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கும் அது வேண்டும். நாங்கள் நூற்றுக்கு ஐந்து வைத்திருக்கிறோம், திறப்புத் தந்த நாளிலிருந்து ஒரு வருசம். ஒரு வருசம் என்றால் ஒரு மாரி கட்டாயம் வரும். ஒழுக்கு, வெடிப்பு, நிலம் இறங்குவது எல்லாம் மாரியில்தான் தெரியும். கோடையில் எல்லா வீடும் நல்ல வீடுதான்.

அவர் கேட்ட இரண்டு திருத்தங்களையும் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் ஒரு பக்கத்துக்கு மட்டும் கதைக்க வரவில்லை. ஒன்று, மழை நாட்களை வேலை நாளில் சேர்க்கக் கூடாது என்றார். ஐப்பசி தொடங்கித் தை வரை இங்கே அத்திவாரக் கிடங்கில் தண்ணீர் நிற்கும், அவர் என்ன செய்வார்? ஒத்துக்கொண்டோம். மற்றது சீமெந்து, கம்பி விலை. 2022இல் ஒரு பை சீமெந்து ஒரு வருசத்துக்குள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அன்று பேசின விலைக்கே கட்டிக்கொடுத்துக் கடனாளியானவர்களும் இருக்கிறார்கள், பாதியில் விட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். ஆகவே, இந்த இரண்டின் விலையும் பத்து வீதத்துக்கு மேல் ஏறினால், மேலதிகத்தைக் கடைப் பில்லைக் காட்டிப் பாதி பாதி. மற்றச் சாமானுக்கு இல்லை.

நடுவில் நாங்களும் ஆசைப்படுவோம். இங்கே ஒரு யன்னல், அங்கே ஒரு தட்டு. அதை வாயால் சொல்லாமல், என்ன வேலை, எவ்வளவு காசு என்று வாட்ஸ்அப்பில் போட்டு, "சரி" என்று பதில் வந்த பிறகு செய்யவேண்டும் என்று எழுதினோம். வேலைசெய்கிற பொடியனுக்கு விபத்து நடந்தால் பொறுப்பு கொந்தராத்து எடுத்தவருக்கு. வேலையை வேறு ஆளிடம் கைமாற்றுவதென்றால் எங்களைக் கேட்கவேண்டும்.

சட்டத்திலும் எழுத்துக்குப் பெறுமதி இருக்கிறது. இலங்கையின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் மீறப்பட்டால் வழக்குப் போட ஆறு வருசம் இருக்கிறது, வாய்ப்பேச்சுக்கு மூன்று வருசம்தான். நான் கோபத்திலும் வெட்கத்திலும் பேசாமல் இருந்தே அந்த மூன்றையும் கழித்துவிட்டேன்.

நாளை விடிய அத்திவாரம் வெட்டத் தொடங்குகிறார்கள். ஒப்பந்தப் பிரதி வேண்டுமென்றால் உள்பெட்டியில் கேளுங்கோ, பெயரையும் தொகையையும் மறைத்துவிட்டு அனுப்புகிறேன்.