555 புத்தகத்தில் என் தைராய்டு கணக்கு

"மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா இல்லையா, மக்சிக்?" என்று, மலாயில் ஆண்ட்டி என்று கூப்பிட்டு, அந்த டாக்டர் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு நாள் விடாமல் சாப்பிட்டவள் நான். தீபாவளி அன்றுகூட எண்ணெய் வைக்கும் முன்னால் மாத்திரையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டவள். அவர் கணினியைப் பார்த்தபடியே அளவைக் கூட்டி எழுதினார், ஐந்து நிமிஷம்கூட இருக்காது, அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

போன வாரம், இங்கே மலேசியாவில் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், மூன்று பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மூன்று பேருக்கும் தைராய்டு. மற்ற இருவருக்கும் ரத்தப் பரிசோதனையில் வரும் தங்கள் டி.எஸ்.எச். எண் எவ்வளவு என்று தெரியவில்லை, "நோர்மல்னு சொன்னாங்க" என்பதோடு சரி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு நோய் இருக்கிறது என்று தெரியவே இரண்டு வருஷம் ஆனது. காலையில் எழுந்திருக்க முடியாது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், மலச்சிக்கல், குரல் கரகரப்பு, மாதவிலக்கு வந்தால் பத்து நாள் நிற்காது. போன இடமெல்லாம் "வயசு ஆகுது", "எடையைக் குறைங்க", "ரொம்ப யோசிக்காதீங்க". ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு இளம் டாக்டர் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, எச்சில் விழுங்கச் சொல்லி, ரத்தம் எடுக்க எழுதினார். டி.எஸ்.எச். 38. பொதுவாக 4க்குள் இருக்க வேண்டியது.

அந்த எழுத்தைப் பார்த்தாலே பயந்தவள் நான், இப்போது யாருக்கும் விளக்குவேன். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி, வேலை செய்கிற ஆள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, ஆட்களை வேலை வாங்கும் தோட்டத்து மண்டோர். ஆள் சுணங்கினால் மண்டோர் சத்தம் போடுவார், அந்தச் சத்தம்தான் டி.எஸ்.எச். எண் ஏறினால் தைராய்டு சுணங்குகிறது என்று அர்த்தம், எண் மிகவும் இறங்கினால் வேலை அளவுக்கு மேல் நடக்கிறது என்று அர்த்தம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சரி, மருந்து கிடைத்துவிட்டது, தைராய்டு ஹார்மோனுக்குப் பதிலாகக் கொடுக்கும் லெவோதைராக்சின், 50 மைக்ரோகிராம். எண் இறங்கியது, ஆனால் 12க்குக் கீழே வரவில்லை. 75 ஆக்கினார்கள். அப்போதும் 11. அந்த நாளில்தான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டு, 100 ஆக்கினார்.

மருந்துப் பையில் 'செபெலும் மாக்கான்' என்று போட்டிருந்தது, சாப்பாட்டுக்கு முன். நானும் சாப்பாட்டுக்கு முன்தான் போட்டேன், காலை ஐந்தரைக்கு, சுடச்சுடக் கோப்பியோடு. நம் வீடுகளில் கோப்பி என்றைக்குச் சாப்பாடாக இருந்தது? ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகும்போது அம்மா குடித்த அதே கோப்பி ஓ, பால் சேர்க்காத கோப்பி, எனக்கும் பழகியது. கையோடு அந்த இரும்புச் சத்து மாத்திரையையும் சேர்த்து விழுங்குவேன், ஒரே வேலையாக முடியட்டும் என்று.

இரண்டுமே தவறு. கோப்பி இந்த மருந்தை முழுதாக உடம்பில் சேரவிடாது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் கோப்பியோ பசியாறலோ. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இதை மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தப் பொடி எழுத்துத் தாளில், மகளின் கைப்பேசியில் ஒவ்வொரு சொல்லாக அர்த்தம் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு மாத்திரையையும் ஒரே கவுண்டரில், ஒரே பையில் போட்டுத்தான் தந்தார்கள். "எப்படிச் சாப்பிடுகிறீர்கள்?" என்று ஒரே ஒருவர் கேட்டிருந்தால் போதும், எனக்கு ஒன்றரை வருஷம் மிச்சமாகியிருக்கும்.

கோப்பியைத் தள்ளி வைத்தேன், ஆனால் அதை டாக்டரிடம் சொல்லவில்லை. அது என் தவறு. 100 மைக்ரோகிராமும் முழுதாக உடம்பில் சேர ஆரம்பித்து, நெஞ்சு படபடவென்று அடித்து, தூக்கம் போய், அடுத்த பரிசோதனையில் எண் 0.1. திரும்ப 75க்கு இறக்கினார்கள். இந்த மருந்தின் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், அதனால் அளவை மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துத்தான் ரத்தம் பார்க்க வேண்டும், இரண்டாம் வாரமே பார்த்துப் பயந்து பலனில்லை. இப்போது 2.3.

டாக்டர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட், கட்டிப் பார்க்கிற அரசாங்கக் கிளினிக்கில் அவர்களுக்கு முன்னால் எத்தனை பேர் காத்திருக்கிறோம் என்று எனக்குத் தெரியும். 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த டாக்டர்கள் கறுப்பு உடையில் வேலையை நிறுத்தி வெளியே வந்து நின்றார்களே, அவர்களுடைய வேதனையும் நியாயமானது. ஆனால் போகும்போதெல்லாம் புது டாக்டர் இருக்கிறார், என் கதை அவருக்குத் தெரியாது. அப்படியென்றால் அந்தக் கதையை நான்தான் கையில் வைத்திருக்க வேண்டும்.

அதற்காகத்தான் 555 புத்தகம் வாங்கினேன். தோட்டத்துக் கடையில் அம்மா கடனுக்கு அரிசி, பருப்பு வாங்கிய கணக்கை எழுதுவார்களே, அதே சின்னப் புத்தகம். தேதி, டி.எஸ்.எச்., டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்), மருந்தின் அளவு, உடம்பு எப்படி இருந்தது. பரிசோதனை முடிவின் நகல் வேண்டும் என்று கேட்கவும் பழகிவிட்டேன். முதல் தடவை கை நடுங்கியது, ஆனால் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள்.

படிப்பது என்றால் வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்புவது இல்லை. கடற்பாசி மாத்திரை தைராய்டைக் குணமாக்கும் என்று நூற்றுக்கணக்கான வெள்ளிக்கு இங்கே விற்கிறார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டை அழிக்கும் நோய் ஒன்று உண்டு, 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ விவரித்தது, எனக்கு இருப்பதும் அதுதான். அந்த நோய்க்காரர்களுக்கு, கடற்பாசியில் இருப்பது போன்ற அளவுக்கு மீறிய அயோடின் நிலைமையை மோசமாக்கலாம். எங்கள் பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் அந்தக் கடற்பாசியை நம்பித் தைராய்டு மாத்திரையையே நிறுத்தி, முகமெல்லாம் வீங்கிப் போய்க் கிடந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதில் மனம் ஆறாத இன்னொன்று, என் அம்மா. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் மரம் வெட்டியவர். கழுத்து முன்னால் வீங்கி இருக்கும், வெயிலிலும் குளிருது என்று துண்டைப் போர்த்திக்கொள்வார், நிரையை, தனக்கு ஒதுக்கிய மர வரிசையை, முடிக்க முடியாமல் பாலின் எடை குறையும், சோம்பேறி என்று பேர் வாங்கினார். வீட்டிலும் நாங்கள் அப்படித்தான் சொன்னோம். யாரும் ஒரு ஊசி ரத்தம் எடுத்துப் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை என் அண்ணிக்குக் கிளினிக்கில் தவணை. போன தடவை "நோர்மல்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், அவருக்கு மூச்சு வாங்குவது மட்டும் நிற்கவில்லை. அவருக்கும் ஒரு 555 புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் தேதி மட்டும் எழுதியிருக்கிறது. நானும் கூடப் போகிறேன்.