கோபுரம் தெரிந்தால் மட்டும் போதாது

ஃபைபர் கேபிள் எட்டாத ஊர்களுக்கு, கோபுரத்திலிருந்து வீட்டு மாடிக்கு வானலை வழியே இணையம் தரும் வட்டார நிறுவனங்களே ஏற்ற வழி என்று நான் படித்த ஒரு கட்டுரை கூறுவதை, செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் அத்தகைய இணைப்பைப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் ஏற்கிறேன். ஆயினும் கட்டுரை தொடாத சிலவற்றைச் சொல்ல வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் ஆண்டெனாவுக்குக் கோபுரம் மறைப்பின்றித் தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் அதைப் பின்கட்டுச் சுவரில் பொருத்தினார்கள். எதிரே நின்ற புளியமரம் தழைத்ததும் வேகம் பாதியாகக் குறைய, நிறுவனத்தார் மழையைக் காரணம் காட்டினார்கள். இந்த அலைவரிசையை மழை பெரிதாகப் பாதிப்பதில்லை, நனைந்த இலைகளே தடுக்கின்றன என்று வாதாடி, மேல்மாடிக்கு மாற்றச் செய்த பிறகே சீரானது.

அதைவிடப் பெரிய சிக்கல் வீட்டுக்குள் இருக்கிறது. முகப்பு, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் செட்டிநாட்டு வீடுகளின் தடித்த செங்கற் சுவர்களை ஒரே வைஃபை ரவுட்டரின் அலை கடந்துவிடாது. ஒவ்வொரு கட்டுக்கும் கேபிள் இழுத்துத் தனி ரவுட்டர் வைப்பதே பயன் தரும்; அதற்காகப் பழைய சுண்ணாம்புப் பூச்சைத் துளைக்காமல், கதவு நிலைகளின் ஓரமாகவே கொண்டுசெல்லலாம். திறந்த மாடியில் ஆண்டெனாவைத் தாங்கி நிற்கும் கம்பத்துக்கு, மின்னல் பாதுகாப்புக்காக எர்த் கொடுப்பதையும், இணைப்புக் கட்டணத்திலேயே சேர்த்து, இந்நிறுவனங்கள் கட்டாயமாகச் செய்து தர வேண்டும்.