எச்-4 விசாவில் போன டீச்சர்
கணவரோடு வெளிநாடு போகிறவர்கள் ஒரு பொழுதுபோக்கைத் தேடிக்கொண்டால் போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். போதாதுங்க. வேளச்சேரியில் ஏழு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். அமெரிக்காவில் வேலை விசாவில் இருப்பவரின் மனைவி என்பதால் கிடைத்த எச்-4 விசாவில் டெக்சாஸ் போனதும் வெறும் 'சார்ந்திருப்பவர்' ஆகிவிட்டேன். 2015 முதல் எச்-4 காரர்களுக்கும் வேலை அனுமதி உண்டு. ஆனால் பெரும்பாலும் கணவரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்ட பிறகுதான். அதுவரை சம்பளத்துக்கு எதுவும் செய்ய முடியாது. அப்புறம் பக்கத்து நூலகத்தில் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். முதல் நாள் ஒரு பையன் "டீச்சர்" என்று கூப்பிட்டதும் கண் கலங்கிவிட்டது.

இப்போது சென்னைக்கே திரும்பிவிட்டேன். ஜெமினி மேம்பாலம் பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரக வரிசையில் நிற்கும் பெண்களிடம் ஒன்று சொல்லத் தோன்றும்: டிகிரி சான்றிதழ், அனுபவக் கடிதம் எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். அங்கிருந்து கேட்டு வாங்குவது பெரும்பாடு.