சிற்றூரின் வரைபடத்தை அதன் மாணவர்களே வரையட்டும்

சிற்றூர் மாணவர்கள் தங்கள் ஊரின் வரலாற்றையும் புவியியலையும் நடந்து, அளந்து, பெரியவர்களிடம் கேட்டு வரைபடமாக்கும் பணியைப் பள்ளிக் கண்காட்சிக்கான செயல்திட்டமாக மட்டும் கருதிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவர்கள் உருவாக்குவது ஓர் ஆவணம். அதற்குரிய மதிப்பை நாம் அதற்குத் தர வேண்டும்.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1930களில் டட்லி ஸ்டாம்ப் என்ற புவியியலாளர் பிரிட்டனின் நிலப் பயன்பாட்டு அளவாய்வை நடத்தியபோது, எது விளைநிலம், எது மேய்ச்சல் நிலம், எது காடு என்று களத்தில் நின்று குறித்தவர்களில் பெரும்பாலோர் மாணவர்களே. இரண்டாம் உலகப் போரின்போது உணவு உற்பத்தியைத் திட்டமிட அந்த வரைபடங்கள் கைகொடுத்தன.

பழைய நில அளவை வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திப் பார்க்கும் ஒரு மாணவி, காரணமின்றி வளைவதாகத் தோன்றிய தெரு, தூர்ந்துபோன வாய்க்காலின் கரையை ஒட்டியே வளைகிறது என்பதைக் கண்டுகொள்கிறாள்; மழை பெய்தால் அந்தத் தெருவில் மட்டும் தண்ணீர் தேங்குவது ஏன் என்பதும் அப்போதே அவளுக்கு விளங்கிவிடுகிறது. வரலாறும் புவியியலும் தனித்தனியாக இருப்பது பாடவேளை அட்டவணையில் மட்டும்தான்.

ஆனால், ஆர்வம் மட்டும் போதாது. கைபேசியின் ஜிபிஎஸ் திறந்தவெளியிலேயே ஏறத்தாழ 5 மீட்டர் பிசகக்கூடும். ஒரு குளத்தையோ பழைய சந்தைத் திடலையோ குறிக்க அது போதும். இரு வீடுகளுக்கு இடையிலான எல்லையைக் குறிக்க அதை நம்பவே கூடாது. ஒரே இடத்தைப் பற்றிப் பெரியவர்கள் இருவர் இரு விதமாகச் சொன்னால், அவற்றில் ஒன்றைத் தள்ளிவிடாமல், கேட்டறிந்த நாளுடன் இரண்டையும் பதிய வேண்டும்.

எனக்குள்ள பெரிய கவலை இந்தப் பதிவுகளை அழியாமல் பாதுகாத்து வைப்பதைப் பற்றியது. பிபிசியின் டூம்ஸ்டே திட்டத்துக்காகப் பிரிட்டன் முழுவதும் பள்ளி மாணவர்கள் தங்கள் பகுதிகளைப் பதிவு செய்தார்கள். 1986இல் லேசர் வட்டுகளில் வெளியான அந்தத் தொகுப்பைப் படிக்கும் கருவிகள் பதினைந்தே ஆண்டுகளில் அரிதாகிவிட்டதால், அதை மீட்டெடுக்கத் தனி முயற்சி தேவைப்பட்டது. ஆகவே, மாணவர்களின் பணியை ஓபன்ஸ்ட்ரீட்மேப் போன்ற, இணையத்தில் யாரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடத்திலும், அங்கே இடம்பெற முடியாத வாய்மொழித் தகவல்களை அச்சுப் படியாக ஊர் நூலகத்திலும் சேர்க்க வேண்டும். ஆண்டுதோறும் அடுத்த வகுப்பு அதே வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று திருத்த வேண்டும்.