முதலில் பட்டறை, பிறகு சீட்

அரசு வடிவமைப்புக் கல்வியை (டிசைன்) விரிவாக்குவது பற்றிய கூட்டத்தில் காட்டிய அந்த ஸ்லைடைப் பற்றி எல்லோரும் பேசி ஓய்ந்தாயிற்று. நான் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. இப்போது இருக்கிற பொறியியல் கல்லூரிகளிலேயே வடிவமைப்புத் துறை தொடங்குவார்களாம். ஒவ்வொன்றிலும் 60 சீட், ஒரு கம்ப்யூட்டர் லேப், இரண்டு ஆசிரியர்கள். வருகிற கல்வியாண்டிலேயே சேர்க்கை. பட்டறை என்ற சொல் அந்த ஸ்லைடில் எங்கேயும் இல்லை.

அரசு வடிவமைப்புக் கல்வி நாடு முழுக்கப் பரவ வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் பட்டறையும் ஆசிரியரும் முதலில், சீட் அப்புறம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூரி, அதாவது ஆசிரியர் முன் நடக்கும் மதிப்பீடு, என்றால் மாணவர் தன் மாடலை மேசையில் வைத்து, ஸ்கெட்ச்களைச் சுவரில் ஒட்டி, ஏன் இப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். ஒருவருக்குக் குறைந்தது 20 நிமிடம். 15 பேர் என்றால் 5 மணி நேரம், ஒரே நாளில் முடிந்துவிடும். 60 பேர் என்றால் 20 மணி நேரம், மூன்று நாள். மூன்றாம் நாள் சாயங்காலம் வருகிற பிள்ளைக்கு ஆசிரியர் என்ன சொல்வார்? "நல்லா இருக்கு, அடுத்து யாரு?" அவ்வளவுதான். இடமும் அப்படித்தான். பொறியியல் வகுப்பறைக்குத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ வைத்திருக்கிற அளவு 66 சதுர மீட்டர். 60 பேரை உட்கார வைத்தால் தலைக்கு 1.1 சதுர மீட்டர். சொந்த மேசை, மாடல் வைக்க அலமாரி, நடக்க வழி எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 4 சதுர மீட்டராவது வேண்டும். வைக்க இடமில்லை என்றால் பிள்ளைகள் மாடல் செய்வதையே விட்டுவிடுவார்கள்.

"இப்போ எல்லாமே கம்ப்யூட்டர்தானே, ஏஐ வேற வந்துடுச்சு" என்று கீழே எழுதத்தான் போகிறீர்கள். திரையில் 18 மி.மீ. பிளைவுட் விளிம்பில் திருகாணி அழகாக உட்காரும். நிஜத்தில் முதலில் சின்னத் துளை போடாமல் முறுக்கினால் அடுக்கு பிளந்து விளிம்பு உப்பிக்கொள்ளும். துளை போட்டு முறுக்கினாலும், ஆள் உட்கார்ந்து எழுந்து நாளடைவில் பிடி தளரும். இதை ஒரு முறை தன் கையால் கெடுத்த பிள்ளை அடுத்த நாற்காலிக்கு வேறு இணைப்பை யோசிக்கும். கெடுத்துக் கற்கத்தான் பட்டறை. அதற்குப் பணம் வேண்டும். முழு அளவு நாற்காலி ஒன்றுக்கு எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று என்றாலே, ஒரே ஒரு பயிற்சிக்கு 60 ஷீட். நம் திட்டங்களில் மெஷின் வாங்கப் பணம் வரும். பிளைவுட்டுக்கும் ரம்பத் தகட்டுக்கும் உப்புத்தாளுக்கும் வருஷா வருஷம் வராது.

மெஷின் மட்டும் வந்தால் என்ன ஆகும் என்றும் சொல்கிறேன். மார்ச் 31க்குள் லேசர் கட்டர் வந்து இறங்கும். புகைபோக்கிக் குழாய் டெண்டரில் இருக்காது. ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டுவார்கள். யாரோ ஒருவர் விவரம் தெரியாமல் பிவிசி ஷீட்டை வைத்து வெட்டுவார். அதிலிருந்து கிளம்புகிற ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் விடாது, மெஷினின் இரும்புப் பாகங்களையும் விடாது. அப்புறம் அறைக்குப் பூட்டு. பக்கத்தில் ஒரு பட்டறை மாஸ்டர் நின்றிருந்தால் அந்த ஷீட் மெஷினுக்குள் போயிருக்காது.

அந்த மாஸ்டர் வேலைக்கு யாரை எடுக்கிறோம் என்பதில்தான் எனக்கு ஆற்றாமை. பெங்களூரிலிருந்து 60 கிலோமீட்டரில் சன்னபட்டணா. வெட்பாலை மரத்தைக் காயவைத்து, கடைசலில் சுற்றவிட்டு, நிற அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உரசுகிற சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறுகிறது. பிறகு ஒரு தாழை மடலை மடித்துப் பிடித்தால் கண்ணாடி மாதிரி மெருகு. அழுத்தம் கூடினால் அரக்கு திட்டுத் திட்டாகும், குறைந்தால் ஏறாது. எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது அந்தக் கைக்குத்தான் தெரியும். அந்தக் கைக்காரரை ஒரு அரசுக் கல்லூரியில் மாஸ்டராகப் போட முடியுமா? டிப்ளமோ இல்லை, வயது தாண்டிவிட்டது, விண்ணப்பமே செல்லாது. பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் முப்பது வருஷமாக லேத் ஓட்டுகிற நம் தமிழ்க்காரர்களுக்கும் இதே கதிதான். அவர்கள் வீட்டுப் பிள்ளை உள்ளே வரலாம் என்றால், ஐஐடிகள் நடத்தும் வடிவமைப்பு நுழைவுத் தேர்வான யூசீட்டின் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டும். கையில் தொழில் இருக்கிற வீட்டுக்கே கதவைச் சாத்திவிட்டு யாருக்காக இந்த விரிவாக்கம்?

"உங்க பேச்சைக் கேட்டா நூறு வருஷம் ஆகும்" என்பார்கள். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்ஐடி) 1961-ல் தொடங்கியது. பள்ளி முடித்த பிள்ளைகளை இளநிலைப் படிப்பில் சேர்த்தது 1970-ல். நடுவில் சும்மா இருக்கவில்லை, தனக்கு வேண்டிய ஆசிரியர்களைத் தானே உருவாக்கிக்கொண்டது. பம்பாய் ஐஐடியின் வடிவமைப்புப் பள்ளியான ஐடிசி 1969-ல் பிறந்தது, இளநிலைப் படிப்பு 2015-ல்தான். இன்னும் நான்கு என்ஐடி வேண்டும் என்று தேசிய வடிவமைப்புக் கொள்கை சொன்னது 2007-ல். ஆந்திராவில் 2015, குருக்ஷேத்திராவில் 2016, ஜோர்ஹாட்டிலும் போபாலிலும் 2019. முதல் வாசல் திறக்கவே எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தில் ஆண்டுக்கு 20 பேரை ஆசிரியர்களாகப் பயிற்றியிருந்தால் இன்று 160 பேர் கையில் இருந்திருப்பார்கள். தாமதம் கட்டடத்தால் வந்தது ஐயா, பட்டறை கேட்டவர்களால் வரவில்லை.

தனியார் பார்த்துக்கொள்வார்கள் என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. அந்தக் கட்டணத்தைப் பீன்யா லேத்காரர் கட்ட முடியாது.

இங்கே பெங்களூரிலேயே இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) வடிவமைப்புத் துறை இருக்கிறது, தும்கூர் ரோட்டில் என்ஐடி வளாகம் இருக்கிறது. இரண்டு வருஷம் அங்கே 15 ஆசிரியர்களைத் தயார் செய்யுங்கள். அதற்குள் ஒரு கல்லூரியில், ஒன்றே ஒன்றில், 200 சதுர மீட்டர் பட்டறையை மும்முனை மின்சாரம், தூசி உறிஞ்சி, புகைபோக்கியோடு கட்டுங்கள். முதல் ஆண்டு 15 பேரைச் சேருங்கள். இந்தத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்டிருக்கிறார்கள் என்பதால் இதையெல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறேன். பட்டறை மாஸ்டர் பதவிக்கு டிப்ளமோவும் வயது வரம்பும் கூடாது என்பதை முதல் வரியில் வைத்திருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள், தமிழிலேயே எழுதினாலும் சரி.